தவறணைக்கு மேலே, கான் ஓரம்

ஜெனிஸ்மேல் ராஜகுமாரிக்குச் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. ஆய்வகத்து அலமாரியில் வேறெதையோ தேடப் போனவள் கையில், மத்தியப் பிரதேசத்துத் தாலாவிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த பழைய கல் அகப்பட்டது. அதன் ஒரு மூலை புதிதாக அறுக்கப்பட்டிருந்தது. மற்ற முகங்களில் பதினெட்டு வருஷத்து அழுக்கு இருக்க, அந்த ஒரு முகம் மட்டும் இன்று காலைதான் குளித்து வந்தது மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

ராஜகுமாரி ஊட்டியில் ஒரு கல்லூரியில் புவியமைப்பியல் பேராசிரியை. விண்கல் விழுந்து உண்டான பள்ளங்களைப் பற்றித்தான் அவளுடைய இருபது வருஷப் படிப்பும் எழுத்தும். சக பேராசிரியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘குழி மேடம்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அது அவள் காதுக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்தவர் கண்டுபிடித்த பள்ளங்களைப் பற்றியே கட்டுரை எழுதி எழுதி அவளுக்கு அலுத்துவிட்டது. தன் பெயரில் ஒரு பள்ளம் வேண்டும், அதுவும் இந்த மலையில் வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு வெறியாகவே ஆகியிருந்தது.

அப்படி ஒன்று தேவாலாப் பக்கம் மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்குள் இருப்பதாக அவள் நம்பினாள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு உருண்டையாக ஒரு தாழ்ந்த இடம், நடுவில் சதுப்பு, சுற்றிலும் தேயிலை. உருண்டையாக இருப்பதெல்லாம் விண்கல் பள்ளம் ஆகிவிடாது. கல்லுக்குள் சாட்சி வேண்டும். விண்கல் மோதுகிற வேகத்தில் குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல்லுக்குள் மயிரிழை மயிரிழையாக இணைகோடுகள் விழும். மைக்ராஸ்கோப்பில் மட்டும்தான் தெரியும். பூமிக்குள் தானாக நடக்கிற எந்தக் காரியத்தாலும் அந்தக் கோடுகளைப் போட முடியாது. நான்கு வருஷம் கல் கல்லாகப் பார்த்து, கடைசியில் முப்பத்தொன்றாம் எண் போட்ட கல்லில் அவை கிடைத்தன.

அந்தக் கல்லை அறுத்துத் தேய்த்து ஸ்லைடு ஆக்கியவன் ஜெனிஸ். அவளிடம் பிஎச்.டி. செய்கிறவன், கேத்திக்காரன், முப்பது வயது. கை சுத்தமான வேலைக்காரன். அவனுடைய ஃபெலோஷிப் மார்ச்சோடு முடிகிறது, கட்டுரை ஒன்றும் வரவில்லை என்றால் நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த ஒன்பதாம் நாள் முப்பத்தொன்றில் கோடுகள் தெரிந்தன. அன்றைக்கு அந்த ஒன்பது நாள் அவள் மனதில் ஒரு விஷயமாகவே படவில்லை. அவனுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

கட்டுரை ஓர் ஆய்வுப் பத்திரிகைக்குப் போனது. பத்திரிகைக்காரர்கள் நியாயமாகவே கேட்டார்கள்: ஒரு கல் போதாது, அதே இடத்தில் இன்னும் எடுத்துக் காட்டுங்கள். ராஜகுமாரி அதே இடத்துக்கு மூன்று முறை போனாள். எஸ்டேட்டுக்கு வெளியே, முக்கு ரோட்டில் மதுக்கடை ஒன்று இருக்கிறது. அதன் மேல்பக்கம் சாக்கடை ஓரமாகத்தான் முப்பத்தொன்று கிடைத்தது என்று அவள் வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தாள். காலிப் பாட்டில்களுக்கு நடுவே, கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, சுத்தியலும் கையுமாக நின்றாள். கிடைத்ததெல்லாம் நீலகிரி முழுக்கக் கிடைக்கிற அதே கறுப்புப் பாறை. அதில் ஒரு கோடும் இல்லை.

மூன்றாம் முறை போய்வந்த மறுவாரம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. தாலா என்பது ஊர் உலகம் ஒப்புக்கொண்ட விண்கல் பள்ளம். அந்த ஊர்க் கல்லில் கோடுகள் தாராளமாக உண்டு. அதில் ஒரு சீவல் அறுத்து முப்பத்தொன்று என்று பெயர் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? நிஜமான முப்பத்தொன்று கட்டைவிரல் அளவுதான். அறுத்ததிலேயே தீர்ந்துபோனது, ஒப்பிட்டுப் பார்க்க மிச்சம் இல்லை.

ஜெனிஸைக் கூப்பிட்டு, சாதாரணமாகக் கேட்பது போல, தாலாக் கல்லை யார் அறுத்தது என்று கேட்டாள். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குக் காட்டத் தான்தான் அறுத்ததாகச் சொல்லி, மூன்று ஸ்லைடுகளை எடுத்து வைத்தான். மூன்றிலும் அவன் கையெழுத்தில் ‘தாலா’ என்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தவளுக்கு மூன்று ஸ்லைடு எப்படிப் போதும்? மூன்று போக அந்த மூலையில் நாலாவதுக்கும் இடம் இருந்திருக்கும் என்று அவள் மனம் அளந்து சொன்னது.

அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் குற்றமாகத் தெரிந்தது. சீக்கிரம் வந்தால் எதையோ மறைக்க வந்திருக்கிறான், தாமதமாக வந்தால் பயந்துபோயிருக்கிறான். அலமாரியின் உட்புறத்தைத் தினமும் செல்போனில் படம் எடுத்து வைத்து, மறுநாள் ஒப்பிட்டுப் பார்த்தாள். படித்த பெண் செய்கிற காரியமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை.

கடைசியில் இரண்டு கடிதங்கள் எழுதினாள். ஒன்று பத்திரிகைக்கு: மாதிரியின் நம்பகத்தன்மையில் ஐயம் எழுந்துள்ளதால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்று பல்கலைக்கழகத்துக்கு: மாணவரின் ஆய்வகப் பணியில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் நீட்டிப்புக்குப் பரிந்துரைக்க இயலவில்லை. இரண்டாவதின் நகலைப் படித்துவிட்டு ஜெனிஸ் அவள் அறைக்கு வந்தான்.

“மேடம், கல்லை நான் மாத்தி வெச்சுட்டன்னு நெனைக்கறீங்களா?”

அவள் மேஜையில் கிடந்த ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு ஆய்வகச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். கேத்தியில் மச்சான் நடத்துகிற கேரட் கழுவும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

நான்கு மாதம் போயிற்று. ஜூலை மழையில் ஒரு நாள், கூடலூர் பஸ் கண்டக்டர் ஒரு பையைக் கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பியவள் பொன்னாயி.

பொன்னாயியைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ராஜகுமாரி தன் கட்டுரையில் சொல்லாமல் விட்டது அதைத்தான். மஞ்சப்பாறை எஸ்டேட்டுக்குள் கல் எடுக்க வெளியாட்களை விடுவதில்லை. தேவாலாவில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் தங்கம் தோண்டினான். அதனால் சுத்தியலோடு யார் வந்தாலும் தங்கத்துக்கு வந்த ஆள் என்றுதான் நிர்வாகமும் நினைக்கும், ஊரும் நினைக்கும். பொன்னாயி அங்கே முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், சிலோனிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவள். விறகு பொறுக்க எஸ்டேட்டுக்குள் போவாள், வருவாள். ராஜகுமாரி கேட்டுக்கொண்டதன்பேரில் வெள்ளைக்கல் பார்த்த இடத்திலெல்லாம் ஒன்று எடுத்து, எங்கே எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டி அனுப்புவாள். அந்தச் சீட்டுகளைப் படித்து ராஜகுமாரி வரைபடத்தில் புள்ளி வைப்பாள். கட்டுரையில் மட்டும் ‘மாதிரிகள் அனைத்தும் ஆசிரியரால் நேரில் சேகரிக்கப்பட்டவை’ என்று இருந்தது. ஒரு கொழுந்துக்காரி எடுத்த கல் என்று எழுதினால் எந்தப் பத்திரிகை போடும் என்று அப்போது தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பையில் ஆறு வெள்ளைக்கற்கள் இருந்தன. சீட்டில், ‘தவறணைக்கு மேல, கான் ஓரம். முந்தி ஒண்ணு எடுத்த அதே எடம். மழைக்கு மண்ணு சரிஞ்சு நெறயத் தெரியிது’ என்று எழுதியிருந்தது.

முப்பத்தொன்றாம் கல்லின் சீட்டிலும் இதே வார்த்தைகள்தான் இருந்தன. கான் என்றால் எஸ்டேட் பேச்சில் வடிகால். தவறணை என்னவென்று அப்போது ஜெனிஸ் கேட்டான். அப்படி ஒரு சொல்லை அவன் கேள்விப்பட்டதே இல்லை. ராஜகுமாரிக்கு அகராதி தேவைப்படவில்லை. அவள் பெற்றோரும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள்தான். அப்பா தினமும் பொழுது சாய்ந்தால் தவறணைக்குப் போவார். ‘தவறணையில கெடக்காரு, கூட்டிட்டு வா’ என்று அம்மா அனுப்புவாள். பத்து வயதில் அந்த வாசலில் நின்று அவள் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. தான் லயத்தில், தோட்டத்துக் கூலி வரிசைவீட்டில், பிறந்தவள் என்பதைக் கல்லூரியில் ஒருவருக்கும் அவள் சொன்னதில்லை. “சாராயக்கடை” என்று ஜெனிஸிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, முக்கு ரோட்டு மதுக்கடைமேல் அவளே புள்ளி வைத்தாள்.

இப்போது அந்தச் சீட்டைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று முறை சல்லடை போட்டுத் தேடிய இடத்தில் இவளுக்கு மட்டும் ஆறு கல் எப்படிக் கிடைக்கும்? யாரும் கேட்காமல் எதற்கு அனுப்புகிறாள்? ஜெனிஸ் பொன்னாயியைப் போய்ப் பார்த்திருக்கிறான், கையில் கல்லைக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான், தன் பெயரைத் திருத்திக்கொள்ள இது அவன் போட்ட நாடகம் என்று முடிவுக்கு வந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினாள். நடுவட்டத்தில் டீ குடிக்க வண்டி நின்றபோதும் இறங்கவில்லை. பொன்னாயியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொன்னாயி வீட்டு வாசலில் விறகை மழைக்கு மூடிக்கொண்டிருந்தாள். வரவேற்பு முடிவதற்குள் ராஜகுமாரி கேட்டுவிட்டாள், ஜெனிஸ் எப்போது வந்துவிட்டுப் போனான் என்று. அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்றாள் பொன்னாயி. யார் சொல்லிக் கல் அனுப்பினாய் என்று கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை, மண் சரிந்து தெரிந்தது, உங்களுக்கு ஆகுமே என்று அனுப்பினேன் என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்லது செய்யப் போய் விசாரணை கமிஷன் வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“எடத்தைக் காட்டுங்க அக்கா, போலாம்” என்று ராஜகுமாரி முக்கு ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் காலடி கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பொன்னாயி எஸ்டேட் கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

“அங்கிட்டு எங்க போறீங்க டீச்சர்? தவறணை இங்கிட்டுல்ல இருக்கு.”

கேட்டில் வாட்சர் மறித்தான். இது யார் என்று கேட்டான். பொன்னாயி சட்டென்று, “எங்க சொந்தக்காரப் புள்ள, சிலோன் சனந்தான்” என்றாள். அவன் ராஜகுமாரியின் முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழியை விட்டான். பொய் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒன்றும் அது பொய்யும் இல்லை என்பது ராஜகுமாரிக்குச் சுருக்கென்று தைத்தது.

தேயிலைக்கு நடுவே கால்மணி நேரம் ஏறினார்கள். சரிவில் படிப்படியாக வெட்டிய பாத்திகள், துருப்பிடித்த பந்தல் கம்பிகள், மண்ணில் புதைந்து கிழிந்த சின்னச் சின்னக் கறுப்புப் பைகள். பைகளில் சிலவற்றில் கவனிப்பாரற்ற தேயிலைக் கன்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. இதுதான் தவறணை என்றாள் பொன்னாயி.

ராஜகுமாரிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. “தவறணைன்னா சாராயக்கடைதானே அக்கா?”

“அதையுந்தான் சொல்லுவோம். கன்னு போடுற எடத்தையும் தவறணைன்னுதான் சொல்லுவோம். நாங்க கண்டியில இருந்த காலத்துலருந்து அப்புடித்தான்.” பொன்னாயி நின்று அவளைப் பார்த்தாள். “குடிக்கிற எடத்துல எனக்கு என்ன டீச்சர் வேல? அங்க நின்னா கல்லுப் பொறுக்குனேன்னு நெனச்சீங்க?”

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று ராஜகுமாரிக்கு இந்த நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அவள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதை மறக்கத்தான் படித்தாள், மறக்கவும் முடியாமல் அதையே கொண்டுபோய் வரைபடத்தில் ஒட்டியிருக்கிறாள்.

நாற்றுப் பாத்திகளுக்கு மேலே பழைய வடிகால் ஒன்று ஓடியது. அதன் கரை மழைக்கு இடிந்து, உள்ளிருந்த பாறை வெளியே தெரிந்தது. ராஜகுமாரி சேற்றில் மண்டியிட்டுக் கையால் மண்ணை வழித்தாள். வெள்ளையும் சாம்பலுமான பாறை முகத்தில் கூம்பு கூம்பாகக் கீறல்கள், ஒவ்வொன்றும் ஒரு நுனியில் தொடங்கி விசிறியாக விரிந்து இறங்கின. மைக்ராஸ்கோப் வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிற சாட்சி. விண்கல் மோதிய அதிர்ச்சி பாறைக்குள் பாய்ந்தால்தான் இப்படி விழும். ஆய்வகத்தில் ஒருவன் செய்து ஒட்டுகிற காரியம் இல்லை. இருபது வருஷமாக அவள் கேட்டது இதோ இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தாள். பொன்னாயியும், என்னவென்று தெரியாமலே, கூடச் சிரித்தாள். அப்புறம் ராஜகுமாரிக்கு ஜெனிஸ் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஊட்டிக்குத் திரும்பியதும் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் தயாரித்தாள். மாதிரி எடுத்த இடத்தைக் குறிப்பதில் ஏற்பட்ட பிழையால் தவறான ஐயம் எழுந்தது, மாணவர்மீது எந்தக் குற்றமும் இல்லை, அவருக்கு நீட்டிப்பு வழங்கலாம். நான்கு வரிதான். படித்துப் பார்க்கும்போது கண்ணியமாகவே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுநாள் கேத்திக்குப் போனாள்.

பட்டறையில் இயந்திரம் சுழல, மண் அப்பிய கேரட்டுகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் சிவந்து விழுந்துகொண்டிருந்தன. ஜெனிஸ் ரப்பர் பூட்ஸோடு நின்று தரம் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான். உட்கார ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. தவறணை, நாற்றங்கால், பாறையில் கண்ட கூம்புகள் எல்லாவற்றையும் சொன்னாள். கூம்பு என்றதும் அவன் கண் ஒருமுறை மின்னியது. அதை அவனால் மறைக்க முடியவில்லை. தவறு நடந்துவிட்டது, திரும்பி வந்துவிடு என்றாள்.

ஜெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான்.

“பிழை ஏற்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாரு பண்ணுனதுன்னு போடலீங்களே மேடம்.”

அவள் அது கடித நடை என்றாள். சொல்லும்போதே குரலில் பலம் இல்லை.

“கல்லை எடுத்தது அந்த அக்காதானுங்க. நீங்க நேர்ல எடுத்தீங்கன்னு கட்டுரையில டைப் அடிச்சதே நாந்தானுங்க. என்னய நீங்க வெளிய அனுப்புன அன்னைக்கு அதை நான் எழுதிப் போட்டிருந்தா, உங்க வேலையே போயிருக்குமுங்க.” அவன் குரலை உயர்த்தவில்லை. “ஏன் போடலைன்னு எனக்கே தெரியலீங்க.”

நாள் தவறாமல் இவன் அலமாரியில் என்ன செய்கிறான் என்று படம் எடுத்து ஒப்பிட்டவள், இவன் கையில் தன் குடுமி இருந்ததை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது இரண்டு வழிதான். இந்த நான்கு வரியோடு நிறுத்தினால் பள்ளம் அவளுடையது, பெயரும் அவளுடையது. ஜெனிஸ் மேல் விழுந்த கறை பாதி அப்படியே கிடக்கும். உள்ளதை உள்ளபடி எழுதினால் அவன் சுத்தமாவான். அவள் இருபது வருஷமாகக் கட்டிய பெயர் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இனி அவள் எழுதும் எந்தக் கட்டுரையிலும், இது யார் எடுத்த கல் என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள்.

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி, கிரேட்டின் மேல் வைத்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மாதிரிகளை எடுத்தவர் மஞ்சப்பாறை எஸ்டேட் ஓய்வுபெற்ற தொழிலாளி பொன்னாயி. நேரில் சேகரித்ததாக நான் எழுதியது பொய். அவருடைய சீட்டைத் தவறாகப் படித்து இடத்தை மாற்றிக் குறித்தது நான். ஜெனிஸைச் சந்தேகித்ததும் நான். கிரேட்டின் ஈரத்தில் தாள் ஓரம் நனைந்தது. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவனிடம் நீட்டினாள். இன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள்.

ஜெனிஸ் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பேண்ட் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க தபால்ல போடறதுக்கு முந்தி ஒரு படம் எடுத்து வெச்சுக்கறனுங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? ராஜகுமாரி கடிதத்தை நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். முதல் படம் சரியாக விழவில்லை. கொஞ்சம் ஆடாமப் பிடிங்க மேடம், எழுத்துக் கலங்குது என்றான். அவள் மூச்சை அடக்கி, அவன் திருப்தி ஆகும்வரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.